மத்திய சட்டமா, டெல்லிக்குப் போ!

நாகர்கோவில்காரர் ஒருவர் ஒரு மத்திய சட்டம் செல்லாது என்று வழக்குப் போட இன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போதும். 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் இந்த உயர் நீதிமன்ற வழியையே அடைத்தது: மத்திய சட்டத்தை உச்ச நீதிமன்றம் மட்டுமே பார்க்கும், உயர் நீதிமன்றம் மாநிலச் சட்டத்தோடு நிற்க வேண்டும். ஜனதா ஆட்சியில் 43-ஆவது திருத்தம் அதை நீக்கியது.

“அண்ணே, எந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட் பாக்கணும்னு பிரிச்சுக் கொடுத்தா குழப்பமே இல்ல, தென் கொரியாவைப் பாருங்க” என்கிறார் இங்கே ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி. சரி, பார்ப்போம். அங்கே சட்டங்கள் செல்லுமா என்று பார்ப்பது அரசியலமைப்பு நீதிமன்றம் என்ற தனி நீதிமன்றம்; ஆணைகளும் விதிகளும் செல்லுமா என்று பார்ப்பது உச்ச நீதிமன்றம். காகிதத்தில் சுத்தம்தான். ஆனால் 1988-இல் தொடங்கிய அந்த அரசியலமைப்பு நீதிமன்றம் 1990-லேயே உச்ச நீதிமன்றத்தோடு வரப்புத் தகராறில் இறங்கிவிட்டது. கோர்ட் மனு எழுதித் தரும் எழுத்தர்களுக்கு, தேவைப்பட்டால் மட்டும் தேர்வு என்று உச்ச நீதிமன்றமே விதி போட்டிருந்தது. கோர்ட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தேர்வில்லாமலே வழி உண்டு. வெளியாள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. விதி எங்கள் எல்லை என்றது உச்ச நீதிமன்றத் தரப்பு; விதியே உரிமையை நேரடியாகப் பறித்தால் நாங்களும் பார்ப்போம் என்றது அரசியலமைப்பு நீதிமன்றம்.

எனக்கு நம் ஏற்பாடே பிடித்திருக்கிறது. சட்டம் செல்லுமா என்று பார்க்கும் உயர் நீதிமன்றங்களின் இந்த அதிகாரம், திருத்தம் போட்டும் அழிக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டதால், 1976 பாணிப் பூட்டை இனி யாரும் லேசில் போட முடியாது.