பாளை சீவும் ஊரில் ஒரு மதிய விருந்து

ஆஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என் தம்பி, அங்குள்ள திராட்சைத் தோட்ட உணவகங்களைப் பற்றி அடிக்கடி பேசுவான். கொடி வரிசைகளுக்கிடையே நடந்து, மது முதிரும் பீப்பாய்களைப் பார்த்துவிட்டு, அதே மண்ணில் விளைந்த மதுவோடு நீண்ட மேசையில் குடும்பமாகக் கூடி உண்பார்களாம். "நம்ம பக்கம் அப்படி ஒன்னும் இல்லையாக்கா?" என்று அவன் கேட்டபோது எனக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கள் இறக்கும் ஊத்தான் மெலிந்தாங்கின் தென்னந்தோப்புகள் நினைவுக்கு வந்தன. அடுத்த மாதமே உறவினரும் நண்பர்களுமாகப் பதின்மூன்று பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். எழுபத்தொரு வயதான அம்மாவும் எங்களோடு வந்தார்.

கிள்ளானிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலை வழியாக கோலசிலாங்கூர், செகிஞ்சான் நெல்வயல்கள், சபாக் பெர்ணம் ஆகியவற்றைக் கடந்து பெர்ணம் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் பேராக் மாநிலம் தொடங்கிவிடுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகா வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் ரப்பருக்காகத் தொடங்கிய ஜென்டராட்டா தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பிறகும், கடலை நோக்கிப் பாகான் டத்தோ பக்கம் செல்லச் செல்லத் தென்னையே கண்ணை நிறைக்கிறது.

நாங்கள் சாப்பிடச் சென்ற கடை ஒரு தோப்பின் ஓரத்தில், தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருந்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் இரண்டு மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். உட்காருவதற்கு முன் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். கள் இறக்கும் ஐயா, அறுபதை நெருங்குபவர், எங்களைத் தோப்புக்குள் அழைத்துச் சென்றார்.

அவர் சொல்லக் கேட்டபோதுதான் அந்தத் தொழிலின் பொறுமை எனக்குப் புரிந்தது. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, அது வெடித்துவிடாமல் நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பக்குவப்படுத்தி, சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைத்து, நுனியைக் காலையிலும் மாலையிலும் மிக மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நாள் சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் அடைத்துப் பால் நின்றுவிடும். ஆகவே தீபாவளியானாலும் மழையானாலும் அவர் மரமேறத்தான் வேண்டும். அம்மா அவருடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "கை வலிக்கலையா தம்பி?" என்று கேட்டார். "பழகிப்போச்சும்மா, வழுக்குற மழைதான் பயம்" என்றார் அவர்.

திராட்சை மதுவுக்கும் கள்ளுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை என் தம்பிதான் முதலில் உணர்ந்தான். திராட்சை ஆண்டுக்கு ஒரு முறை அறுவடையாகிறது; அதன் சாறு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சுவை கூடுகிறது. கள்ளுக்கோ காத்திருக்கத் தெரியாது. பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். கலயத்திலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அப்போதே வேலையைத் தொடங்கிவிடுவதால், சில மணி நேரத்தில் புளிப்பும் நுரையும் போதையும் ஏறி, மறுநாள் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பாகவே நிற்கும். காலையில் இறக்கியது நண்பகலில்தான் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதற்கு இணங்கவே, பன்னிரண்டரை மணிக்குச் சரியாக இலை போட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாழையிலையில் சோறு, மீன் தலைக்கறி, மிளகு தூக்கலான நண்டுப் பிரட்டல், கருவாட்டுத் தொக்கு, நல்ல கறுப்பாக வறுத்த காட்டுப்பன்றி, மோர் மிளகாய், ரசம் எல்லாம் வந்தன. நண்டு எனக்குச் சற்று உப்பாகப் பட்டது. வறுவலோ குறை சொல்ல இடமில்லாதது. அவற்றையெல்லாம் விட என்னைக் கட்டிப்போட்டது கள் சேர்த்துப் புளிக்க வைத்த ஆப்பம்தான். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவே பஞ்சாகவும் இருந்த அதில் மெல்லிய புளிப்பு மணம் ஒன்று இருந்தது. வீட்டில் ஈஸ்ட் போட்டு நான் சுடும் ஆப்பத்தில் அந்த மணம் ஒருநாளும் வந்ததில்லை. வேன் ஓட்டும் மைத்துனரும் பிள்ளைகளும் இளநீர் குடித்தார்கள். நான் ஒரு குவளை கள் குடித்தேன். அதன் குளிர்ச்சியும் நாக்கில் சுர்ரென்று ஏறும் நுரையும் அந்தக் கார வறுவலுக்கென்றே அமைந்தவை போலிருந்தன.

அம்மா குவளையைத் தொடவில்லை. சம்பள நாளன்று தாத்தாவை அழைத்துவர, பாட்டி தன்னைத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு அனுப்பியதையும், உள்ளே போகக்கூடாது என்பதால் வேலியோரம் இருட்டும்வரை நின்றதையும் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்ததை நான் படித்திருக்கிறேன். அந்தக் கோரிக்கையின் கனம் அம்மாவின் வேலியோரக் கதையைக் கேட்ட அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மாவே, "அந்த ஆப்பத்துல இன்னொன்னு வையிம்மா" என்று கேட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டாவதையும் முழுதாகச் சாப்பிட்டார். ஆறு வயதில் வேலிக்கு வெளியே நின்றவர், இப்போது மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு மணியளவில் ஐயா எழுந்து, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டார். மாலைச் சீவலுக்கு நேரமாகிவிட்டது. அம்மா வேனில் ஏறாமல், அவர் முதல் மரத்தின் உச்சியை அடைந்து பாளையில் கை வைக்கும் வரை தோப்பின் ஓரத்தில் அண்ணாந்து பார்த்தபடியே நின்றிருந்தார்.