ரம் குடித்த சுருட்டு

எங்கள் பக்கத்தில் சுருட்டைக் குடிப்பார்கள். பீடியையும் அப்படித்தான். அதனால் போன சித்திரையில் மாமனார் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, "சத்தியமா நான் குடிக்கல மாமா, சுருட்டுதான் குடிச்சுது" என்று நான் சொன்னபோது, அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. மனைவி மட்டும், "இப்பவும் இறங்கலை போலிருக்கு" என்றாள்.

நான் குடிப்பதில்லை. புகைப்பதுமில்லை. இதை எங்கே சொன்னாலும் நம்பாதது போலப் பார்க்கிறார்கள், காரணம் அந்தப் பாட்டில்.

மாமா ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊர் திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர். மாதாமாதம் கேன்டீன் கோட்டாவில் வாங்கும் ரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஒரே ஒரு சுருட்டு. இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. என்னோடு சண்டை போடுவதை ஆசைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீடு உறையூரில். ஆங்கிலத்தில் 'ட்ரிச்சினோபோலி சிகார்' என்று பேர் வாங்கிய சுருட்டு எங்கள் தெருக்களில் சுருட்டியதுதான். சர்ச்சிலுக்கே இங்கிருந்துதான் போனது என்று எங்கள் டீக்கடையில் தினமும் ஒருவராவது சொல்வார். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். இதையெல்லாம் நான் அடுக்கினால் மாமா புகையை விட்டுவிட்டு ஒரே வரியில் முடிப்பார்: "பேரு உங்க ஊருக்கு மாப்பிள்ள, இலை எங்க ஊருக்கு." அதுவும் உண்மைதான். திண்டுக்கல் சீமைப் புகையிலை இல்லையென்றால் உறையூர்க்காரர்கள் எதைச் சுருட்டியிருப்பார்கள்?

மாசி கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மாதிரி எளிய படையல்தான். மாமாவும் அந்த 28 நாள் ரம்மைத் தொட மாட்டார், சுருட்டைத் தொட மாட்டார். போன வருஷம் பூ போட வந்தவர் திரும்பும்போது, துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டினார். முக்கால்வாசி இருந்தது.

"வீட்ல இருந்தா கை நமநமங்கும். நீங்கதான் தொட மாட்டீங்களே, வச்சிருங்க. விரதம் முடிஞ்சு வந்து வாங்கிக்கறேன்."

இவ்வளவு நம்பிக்கையோடு என்னிடம் அவர் எதையும் தந்ததில்லை, தன் பெண் உட்பட.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில், துபாயிலிருந்து வந்த பையன் ஒருவன் மாமாவிடம் வெளிநாட்டுச் சுருட்டு ஒன்றைக் கொடுத்திருந்தான். ரம் வாசனை ஏற்றியதாம். மாமா அதைப் பற்றவைக்கக்கூட இல்லை. மூக்கின் கீழே உருட்டி உருட்டிப் பார்த்தபடி பந்தி முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கையில் ரம் இருக்கிறது, நாலு தெரு தள்ளி சுருட்டு விற்கிறது, நடுவில் 28 நாள் இருக்கிறது. விரதம் முடிந்து வருகிறவருக்கு ஆறு சுருட்டை அப்படிச் செய்து நீட்டினால் ஜென்மத்துக்கும் இலையைப் பற்றிப் பேச மாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

ஆறு வாங்கினேன். முதலில் இரண்டை எவர்சில்வர் டம்ளரில் நிற்க வைத்து, 100 மில்லி ரம்மை ஊற்றி, பரணில் வைத்துவிட்டேன். உளுந்து ஊறுகிறது, மாவடு ஊறுகிறது, சுருட்டும் ஊறும் என்று எண்ணம்.

காலையில் பார்த்தால், டம்ளருக்குள் சுருட்டு இல்லை. அவிழ்ந்து போன வெற்றிலைச் சுருள் மாதிரி இலைகள் தனித்தனியாக மிதக்கின்றன. ரம் என்று நாம் வாங்குவதில் 42.8 சதவீதம்தான் ஆல்கஹால், மீதி ஏறக்குறைய எல்லாம் தண்ணீர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓர் இரவு அதில் நின்றால் எந்த இலை தாங்கும்? உப்பி, ஒட்டு விட்டுப் பிரிந்துவிட்டது. ஈரத்தோடு சேர்த்து நூல் கட்டி வெயிலில் வைத்தேன்; மத்தியானத்துக்குள் கோடையில் காய்ந்த ஏரி போல வெடித்தது.

டம்ளரில் மிஞ்சிய ரம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. குடிக்க முடியாது, அத்தனையும் நிக்கோடின். கீழே கொட்டவும் மனசு வரவில்லை. புகையிலைக் கஷாயம் அடித்தால் பூச்சி போகும் என்பார்களே, அம்மாவின் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்ததே என்று அதன் தலையில் ஊற்றிவிட்டேன். பூச்சி போய்விட்டது. ஒரு வாரத்தில் செம்பருத்தியும் போய்விட்டது.

அப்புறம்தான் முறையாகத் தெரிந்துகொண்டேன். சுருட்டு மதுவைத் தொடவே கூடாதாம். மூடிய பாத்திரத்துக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் மதுவை வைத்து, பக்கத்தில் சுருட்டை வைத்தால் ஆவியை மட்டும் அது இழுத்துக்கொள்ளும். தினம் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். பணக்காரர்கள் சுருட்டு வைக்கும் பெட்டியில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்களாம், உள்ளே 'ஸ்பானிஷ் செடார்' பலகை அடித்திருப்பார்களாம். தேடிப் பார்த்தால் அது ஸ்பெயின் மரமும் இல்லை, செடாரும் இல்லை. தென்னமெரிக்கப் பக்கத்து மரம், நம் வேம்பின் குடும்பம். உறவுதானே என்று ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டேன்.

பாத்திரம்? பரணில் அம்மாவின் பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி சும்மா கிடந்தது. கிண்ணம்? எங்கள் பெண் பால் குடித்த பாலாடை. ஜாடியின் அடியில் பாலாடை, அதில் ரம், மேலே தட்டுப் போல ஒரு சல்லடை, அதன்மேல் நாலு சுருட்டு, ஓரத்தில் வேப்பங்குச்சி, வாயில் துணி கட்டி மூடி. தினமும் குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு நாலையும் திருப்பிப் போட்டேன். பூஜை அறையில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை என்று மனைவி ஆச்சரியப்பட்டாள். பரணில் பழைய வங்கி ரசீது தேடுவதாகச் சொல்லியிருந்தேன்.

திருச்சிப் பங்குனி வெயிலில், ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரணில் பாலாடை ரம் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் பத்து மில்லி ஊற்ற வேண்டியிருந்தது. மொத்தம் எட்டுத் தடவை.

மூன்றாவது வாரம் அம்மா வடகம் போட ஆரம்பித்தாள். வெள்ளைத் துணி தேடிப் பரணில் ஏறியவள், ஜாடியைத் திறந்தாள். கத்தவில்லை. கீழே இறங்கி வந்து, பாலாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"என்னடா இது?"

"மாமாவுக்கும்மா... சுருட்டுக்கு வாசனை..."

அம்மா ஒரு சுருட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுடைய அப்பத்தா சுருட்டுக் குடித்தவள்; அந்தக் காலத்துக் கிழவிகளுக்கு அது வெற்றிலை போடுவது மாதிரி. "எங்க அப்பத்தா கருப்பட்டித் தண்ணி தெளிச்சுத்தான் வைக்கும். ஆனா இலையா இருக்கையிலயே தெளிச்சிரும். சுத்தி முடிச்ச பொறவு எவனாச்சும் ஊற வைப்பானா? வெந்த சோத்துல புளி கரைச்சு ஊத்தலாம், வெந்த இட்லியில உப்புப் போட முடியுமா?"

ஒரே கேள்வியில் என் இருபது நாள் படிப்பு முடிந்தது. ஆனால் நாலில் மூன்று பார்க்க நன்றாகவே இருந்ததால் கைவிட மனசில்லை. நாலாவதில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

28 நாள் முடிந்தது. மாமா வந்தார். சாப்பிட்டார். மாடிக்குப் போகும் முன் பாட்டிலைக் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன்: லேபிள் ஓரத்தில் நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, சின்னதாகக் கையெழுத்து. இருபத்து நாலு வருஷ ஸ்டோர் புத்தி.

"மாப்பிள்ள. ஒரு குவாட்டர் குறையுது."

டம்ளரில் 100, பாலாடையில் எட்டுப் பத்து எண்பது. ஆக 180. கணக்குக்கு நான் காகிதமே வைத்திருந்தேன். ஆனால் உலகத்தில் எத்தனையோ அளவு இருக்க, சரியாக ஒரு குவாட்டரில் வந்து நின்றால் எந்த மாமனார் நம்புவார்? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார்.

"நூறு மில்லி கழிவுன்னு போட்டிருக்கு. எங்க கொட்டுனீங்க?"

"செம்பருத்தியில."

"சாட்சி?"

பட்டுப்போன செம்பருத்தியைக் காட்டினேன். அம்மாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை என் பக்கம் இருந்த ஒரே ஓட்டும் போயிற்று.

கடைசி ஆதாரமாக மூன்று சுருட்டையும் கொண்டுவந்து வைத்தேன். மாமா ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். பஞ்சு மாதிரி அமுங்கியது. மாடிக்குப் போனோம். முதல் தீக்குச்சி, இரண்டாவது, நாலாவது. ஈரம் போகாத சுருட்டு ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கன்னம் ஒட்ட இழுத்தார். புகை வந்தது. கண்ணை மூடினார். அந்தக் கல்யாண வீட்டு முகம் வருமென்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ரம் வாசம் வருதா மாமா?"

இன்னொரு தரம் இழுத்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"பெருங்காயம் வருது."

பக்கத்தில் வருகிற வாசனை எதுவானாலும் புகையிலை இழுத்துக்கொள்ளும். அந்த ஜாடியில் பத்து வருஷம் ஆவக்காய் இருந்திருக்கிறது. "கொஞ்சம் வெந்தயமும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். மூன்றாவது இழுப்பில் வேம்பும் தெரிந்திருக்கும், துப்பிவிட்டார்.

ஆனால் அன்றைக்கு அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் சுருட்டு ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, நான் மிச்சம் வைத்ததில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் சமயபுரம் திசையைப் பார்த்தபடி இருந்தார். இறங்கும்போது மட்டும், "உறையூர்க்காரன் கையில இலையக் கொடுத்தா இப்படித்தான்" என்றார்.

இந்த வருஷமும் மாசி கடைசி ஞாயிறுக்கு வந்தார், பூ போட்டார், துண்டில் சுற்றிய பாட்டிலை எடுத்தார். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய், "சம்பந்தி, இதக் கொஞ்சம் பத்திரமா வைங்க" என்று அம்மாவிடம் கொடுத்தார். பாட்டில் இப்போது பீரோவில், அவள் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில்.