ஐயாயிரம் டாலர் வாக்கியம்

வார இதழில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு அலுப்பு தெரியும். ஓர் அநியாயத்தைப் பற்றி ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுவோம், புரூஃப் பார்ப்போம், இதழ் கடைக்குப் போகும். அடுத்த வாரம் வேறு அட்டைப்படம். அநியாயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து வருஷம் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டிய பிறகு, அந்த அலுப்போடுதான் ஹாரி ஸ்மித்தைப் பற்றிப் படித்தேன்.

1863-இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் வளர்ந்தார். கார்னெட் என்ற ஊதுகருவியை நன்றாக வாசிப்பாராம். 1883-இல், இருபது வயதில், நண்பர்கள் மூவரோடு ‘கிளீவ்லாந்து கெஜட்’ என்ற வார இதழைத் தொடங்கினார். சீக்கிரமே கூட்டாளிகள் விலகிவிட, முதலாளி, ஆசிரியர் எல்லாம் அவரே. பத்து வருஷம் எழுதிய பின், 1893 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்.

அங்கே அவர் கொண்டுவந்த 1896-ஆம் வருஷச் சட்டம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்போதெல்லாம் கறுப்பர் ஒருவரைக் கும்பல் இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிடும். விசாரணை என்று வந்தால், செய்தது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதி மூடிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நமக்குச் சொல்லித்தருவார்கள் இல்லையா, யார், என்ன, எங்கே, எப்போது என்று? ஸ்மித்தின் சட்டம் அதில் ‘யார்’ என்பதை வெட்டிவிட்டு ‘எங்கே’ என்பதைப் பிடித்துக்கொண்டது. கொலை எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நடந்ததோ, அந்தக் கவுண்டி செத்தவரின் வாரிசுகளுக்கு 5,000 டாலர் தர வேண்டும். அதாவது, வாயைத் திறக்காத ஊரின் வரிப்பணம்.

வரைவில் வழக்கறிஞர் ஆல்பியன் டூர்ஜேவுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி ஒதுக்கியதை எதிர்த்த பிளெசி வழக்கில் வாதாடித் தோற்றவர். அந்தத் தோல்வியும் இதே 1896-இல்தான்.

சட்டம் வந்ததும் கும்பல் பயந்துவிடவில்லை. 1897-இல் அர்பானா என்ற ஊரில் சார்லஸ் மிட்செல் என்பவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து நீதிமன்ற வளாகத்திலேயே தூக்கில் போட்டார்கள். அவர் தரப்பு பணம் கேட்டு வழக்குப் போட்டது. கவுண்டி நிர்வாகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1900-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

சரி, பதவி வந்ததும் இதழை விட்டாரா என்றால், இல்லை. சட்டமன்றத்தில் மூன்று தவணை இருந்தார், கெஜட்டும் வந்துகொண்டே இருந்தது. 1941 டிசம்பரில் இறக்கும்வரை அவர்தான் ஆசிரியர். 58 வருஷம்! அவருக்கும் அலுத்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அச்சுக்கு மேட்டர் போயிருக்கிறது.