சோழருக்கு ஒரு யுகம் மட்டும்

சனிக்கிழமை இரவு அக்கா மகன் சாப்பிடாமலே படுக்கப் போய்விட்டான். நாகரிகம் ஒன்றை வளர்த்தெடுக்கும் 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டின் ஏழாம் பாகத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம்: "இது சிவிலைசேஷனே இல்லை." அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் விடுதிச் சாப்பாட்டை ஐந்து நாள் சகித்துவிட்டு வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவன். வந்தால் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாடுவோம். அவன் அம்மா தொலைபேசியில், "தம்பி, பையனைப் படிக்கவும் சொல்" என்பாள். ஏழாம் பாகம் வந்த நாளிலிருந்து விளையாடுகிற நேரத்தைவிட வாதாடுகிற நேரம் கூடிவிட்டது.

நான் கும்பகோணத்தில் ஒரு கணினி நிலையத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இரண்டாம் பாகம் விளையாடிப் பழகியவன். 1999-ல் பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். அல்சூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தபோதும், பிறகு ஜீவன்பீமா நகரில் வாடகை வீடு பிடித்தபோதும், இந்தத் தொடர் கூடவே வந்தது. மூன்றாம் பாகம் 2001, நான்காவது 2005, ஐந்தாவது 2010, ஆறாவது 2016. ஒவ்வொன்றும் என் வாழ்க்கையின் ஒவ்வொரு வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் பாகம் என்றால் என் மகள் பிறந்த ஆண்டு. தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பாரசீகத்தோடு போர் செய்தது நினைவுக்கு வரும்.

எந்தப் பாகத்தில் விளையாடினாலும் முதல் நகரத்தை நிறுவியதும் அதன் பெயரை அழித்துவிட்டுப் பழையாறை என்று வைப்பேன். சோழர்கள் வாழ்ந்த ஊர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். இரண்டாவது நகரம் நாகப்பட்டினம், மூன்றாவது கங்கைகொண்ட சோழபுரம். விளையாட்டில் 'இந்தியா' என்ற ஒற்றை நாகரிகம்தான் இருந்தது. முதல் பாகம் வந்த 1991 முதல் காந்தி தலைவர். நான்காம் பாகத்தில் அசோகரும் ஆறாம் பாகத்தின் விரிவாக்கத்தில் சந்திரகுப்தரும் சேர்ந்தார்கள். சோழர் என்ற சொல்லை நானேதான் தட்டச்சு செய்து உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதனால் ஏழாம் பாகத்தில் சோழர் தனி நாகரிகமாக வருகிறார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. அலுவலகத்திலிருந்தே அக்கா மகனை அழைத்தேன். கடலோடும் கலம் அவர்களுடைய சிறப்புக் கப்பல். தஞ்சைப் பெரிய கோயில் விளையாட்டில் கட்டக்கூடிய உலக அதிசயங்களில் ஒன்று. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் வளாகம் உருவாகும். பள்ளிப் பாடநூலில்கூட ஒரு வரியில் கடந்து போகிற வணிகக் குழுக்களின் பெயர்களை இந்த அளவுக்குத் தேடி எடுத்துப் போட்டவர்கள் யாரோ, அவர்களுக்கு என் வணக்கம். அதை மனதாரச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி 11 அன்று விளையாட்டு வெளியானது. அன்று மாலையே அவனும் வந்துவிட்டான். எப்போதும்போல 'இந்தியா' என்று தேடினோம். இல்லை. சோழரைத் தேடினோம். தொடக்கத்தில் அவர்களைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதுவரை வந்த ஆறு பாகங்களிலும் ஒரு மக்களைக் கற்காலத்தில் எடுத்துக்கொண்டு விண்வெளிக் காலம் வரை கொண்டு போவீர்கள். ஏழாம் பாகம் அந்த நீண்ட காலத்தை மூன்றாக வெட்டிவிட்டது: பழங்காலம், கடலோடிகளின் காலம், நவீன காலம். ஒரு யுகம் முடியும்போது கொள்ளைநோயோ கலகமோ படையெடுப்போ நாட்டை உலுக்கும். பிறகு திரை மாறும். வெளியானபோது இருந்த விதிப்படி, நீங்கள் வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடந்துகொண்டிருந்த போர்கள் நின்றுவிடும். தளபதியின் கீழ் சேராத படைகள் மறைந்துவிடும். தலைநகர் தவிர மற்ற நகரங்கள் பெரும்பாலும் சிற்றூர்களாகச் சுருங்கிவிடும். மாறாமல் இருப்பவர் ஒருவர்தான்: நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த தலைவர்.

இந்தியாவுக்கு விளையாட்டு வகுத்த வழி மௌரியர், சோழர், முகலாயர். நாங்கள் அசோகரைத் தலைவராக வைத்து மௌரியராகத் தொடங்கினோம். ராஜராஜனோ ராஜேந்திரனோ தலைவர் பட்டியலில் இல்லை. பாடலிபுத்திரத்தில் தொடங்கி, சோழராக மாறி, கடைசியில் முகலாயராக முடித்தோம். அசோகர் தம் கல்வெட்டுகளில் சோழரையும் பாண்டியரையும் தம் எல்லைக்கு வெளியே இருந்தவர்களாகத்தான் குறிப்பிடுகிறார். மௌரியர் தமிழ்நாட்டை ஆண்டதில்லை. சோழர் ஆட்சி 1279-ல் முடிகிறது. பாபர் பானிபட்டில் வென்றது 1526. இந்த மூவரையும் ஒரே கொடியில் பூத்த மூன்று பூக்களாகக் காட்டும்போது எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை.

அக்கா மகனுக்கு ஒப்புகிறது. அவன் தரப்பையும் நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் யோசித்துத்தான் பேசுகிறான். பழைய பாகங்களில் பாதி ஆட்டத்துக்கு மேல் யார் வெல்வார் என்று தெரிந்துவிடும். மீதியை வெறுமனே நகர்த்திக்கொண்டிருப்போம். அது உண்மை. நான் தொடங்கிய ஆட்டங்களில் கடைசிவரை முடித்தவை மிகக் குறைவு. யுகம் மாறும்போது எல்லோரும் ஓரளவு சமமாகிறார்கள், ஆட்டத்துக்கு மறுபடி உயிர் வருகிறது என்கிறான். ஒவ்வொரு நாகரிகமும் அதன் சொந்தக் காலத்தில் வருவதால் அதன் சிறப்புகள் வீணாவதில்லை. சோழரின் கலம், பெருங்கடலைக் கடந்து தொலைநிலங்களைத் தேடிப் போகிற யுகத்தில்தான் வருகிறது. 1025-ல் கடாரத்துக்குப் படை அனுப்பியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? அதையும் ஒப்புக்கொள்கிறேன். கப்பல்கள் செல்லக்கூடிய ஆறுகளை முதன்முதலாக இந்தப் பாகத்தில்தான் கண்டேன். ஆற்று வழியே உள்நாட்டு நகரம் ஒன்றுக்குக் கலத்தை ஓட்டிப் போனபோது, காவிரிக்கரையில் பிறந்தவனுக்குக் கண் கலங்கிற்று.

மாடி வீட்டு நண்பர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நான்காம் பாகத்தோடு நின்றுவிட்டார். அதன் தொடக்க இசை 2011-ல் கிராமி விருது பெற்றது. விளையாட்டு இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அது. காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் காபி குடிக்கிறார். எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஐந்தாம் பாகம் வந்தபோது நீங்கள் என்னென்ன சொன்னீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது" என்றார்.

எனக்கும் நினைவிருக்கிறது. சதுரக் கட்டங்கள் அறுகோணமாக மாறின, ஒரு கட்டத்தில் ஒரே ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று ஆனது. கொஞ்ச நாள் அதைத் தொடவில்லை. ஆறாம் பாகம் வந்தபோது முகங்கள் கார்ட்டூன் போல இருக்கின்றன என்று பலர் கோபப்பட்டார்கள். பிறகு அதே பாகத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் மூழ்கினார்கள். இந்தத் தொடரை உருவாக்கிய சிட் மெய்யரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: புதிய பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முற்றிலும் புதியது. புதிய பங்கு எதுவாக இருந்தாலும் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். ஆனால் இந்தச் சண்டை வேறு. அப்போது மாறியது எப்படி விளையாடுகிறோம் என்பது. இப்போது மாறியிருப்பது யாராக விளையாடுகிறோம் என்பது. விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் கருத்துகள் கலவையாக இருந்ததற்கும், புதிய பாகம் வந்த பிறகும் ஆறாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் அதிகம் பேர் விளையாடிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் ஆணிவேர் என்று நான் நினைக்கிறேன். திரை வடிவமைப்புக் குறைகள், பிரிட்டன் நாகரிகத்தைத் தனி விலைக்கு விற்றது போன்றவையெல்லாம் அடுத்தடுத்த மாதங்களில் ஆறிப்போகிற புண்கள்.

ஞாயிறு காலை அவனை எழுப்பி தோம்லூருக்கு அழைத்துப் போனேன். சமாதானம் செய்வதற்குத்தான். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சொக்கநாதசுவாமி கோயில், பெயரைக் கேட்டால் சிவன் என்று தோன்றும், உள்ளே இருப்பவர் பெருமாள். சோழர் காலத்துக் கோயில். ராஜராஜன் காலத்தில் கங்கநாட்டைச் சோழர்கள் பிடித்தபோது இந்தப் பக்கமெல்லாம் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. கோயில் கற்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. இருவருக்கும் முழுதாகப் படிக்க வராது. 'ன' எது, 'ர' எது என்று விரலை வைத்து, தொடாமல், தேடிக்கொண்டிருந்தோம். பூ விற்கிற அம்மா கன்னடத்தில் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் திரும்பினான்.

இந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பட்டணம் என்றால் வணிகர் ஊர். விளையாட்டில் நாங்கள் மாய்ந்து மாய்ந்து கட்டிய ஐந்நூற்றுவர் வளாகம் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்நூற்றுவரின் மூல ஊரே கர்நாடகத்து ஐகொளேதான். அவனுக்கு அது தெரியாது. கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கள் மாமா, நான் சொன்னது இதுதான்" என்றான். "சோழர் போய்விட்டார்கள், கட்டியது நிற்கிறது. விளையாட்டிலும் அஞ்சுவண்ணம் அடுத்த யுகத்தில் அழிவதில்லை. சோழரின் மரபுகளை முகலாயர் காலத்திலும் பயன்படுத்தலாம். நீங்களே கும்பகோணத்துக்காரராக வந்து பெங்களூர்க்காரராக ஆகவில்லையா?"

நல்ல கேள்வி. கோயில் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். அங்கேதான் எனக்கு என் பதில் கிடைத்தது; இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்தபோது சோழர் பிடி இங்கே முடிந்தது. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்றால் ஆண்டவர்கள் ஹொய்சளர்கள். ஆனால் கல்லில் இருப்பது தமிழ். அரசர் மாறினார், அரச குலமே மாறியது. கொடை கொடுத்தவர்களும் விளக்கு ஏற்றியவர்களும் தங்கள் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே அசோகர் ஆயிரமாயிரம் ஆண்டுகள் சாகாமல் அரியணையில் இருக்கிறார். மக்கள்தான் ஒரு நாள் காலையில் எழுந்து வேறு மக்களாகிவிடுகிறார்கள். மாற வேண்டியவர் நிற்கிறார், நிற்க வேண்டியவர்கள் மாறுகிறார்கள். ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு புதிய தலைவரைத் தரட்டும். அசோகர் போய் ராஜேந்திரன் வரட்டும். நான் பழையாறையில் குடிவைத்தவர்களை என்னிடமே விட்டுவிடட்டும். அதைத்தான் கேட்கிறேன்.

அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "தலைவர் மாறினால் எதிரே இருக்கிறவர் யார் என்று நினைவில் நிற்காது மாமா. ஆறு பேரோடு ஆடும்போது முகம்தான் அடையாளம்" என்றான். அதுவும் சரிதான். பொறியியல் படிக்கிறவன், ஓர் இயந்திரத்தில் ஒன்றைக் கழற்றினால் எது விழும் என்று உடனே பார்க்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவனும் ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் இட்லி சாப்பிட்டோம். சனி இரவு விட்டதையும் சேர்த்து அவன் சாப்பிட்டான்.

ஒரே நாகரிகத்தைக் கடைசிவரை கொண்டுபோகும் வழியைச் சோதித்துப் பார்ப்பதாக உருவாக்கிய நிறுவனமான ஃபிராக்சிஸே 2025 இறுதியில் அறிவித்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்கோ கவலை, எங்களைப் போன்றவர்களின் முணுமுணுப்புக்குப் பயந்து நல்ல யோசனையைக் கைவிட்டுவிடுவார்களோ என்று.

வெளியான புதிதில் நகரங்களின் பெயரை மாற்றும் வசதியே இல்லை. சில வாரங்கள் கழித்துப் புதுப்பிப்பில் வந்தது. வந்த அன்று அவன்தான் முதலில் பார்த்தான். எனக்குச் சொல்லாமலே, எங்கள் சேமித்த ஆட்டத்தில் சோழத் தலைநகரின் பெயரைப் பழையாறை என்று ஆங்கில எழுத்தில் மாற்றிவைத்திருந்தான். கடலோரத்தில் ஒரு சிறிய ஊருக்குத் தொம்பலூர் என்று நான் சென்ற வாரம் பெயர் வைத்தேன். உண்மையான தோம்லூருக்குக் கடல் இல்லை. ஆனாலும் அதுதான் கலம் கட்டுகிற ஊர்.

அந்த ஆட்டத்தில் கடலோடிகளின் காலம் முடிய இன்னும் எட்டுச் சுற்றுகள் இருக்கின்றன. நாட்டில் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது. பெரிய கோயில் கட்டி முடிந்துவிட்டது, கலங்கள் மூன்று நடுக்கடலில் நிற்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகளாக நள்ளிரவு தாண்டியும் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று பொத்தானை அழுத்தியவன் நான். இதில் மட்டும் இன்னும் அழுத்தவில்லை. அவன் அடுத்த சனிக்கிழமை வருவான்.