தோல் ஜாக்கெட்டும் கூரைமேல் துப்பாக்கியும்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சரி என்று ‘தி வைல்ட் ஒன்’ (1953) போட்டேன். மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டோடு ஒரு பைக் கூட்டத்துக்குத் தலைவனாக ஒரு சிற்றூருக்குள் நுழைகிறார். இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று பயந்து பிரிட்டன் தணிக்கை வாரியம் 1967 வரை இதற்குச் சான்றிதழே தரவில்லை. இன்று பார்த்தால், அந்தப் பயல்களின் அட்டகாசத்தைவிட, ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து அந்தத் தலைவனை அடிக்கும் காட்சிதான் பயமுறுத்துகிறது.

ஆனால் எனக்கு இந்த இளைஞர் கலகப் பட வகையில் உச்சம் லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்’ (1968). ஆங்கிலேய விடுதிப் பள்ளி, சீனியர்களின் பிரம்படி, கடைசியில் கூரைமேல் துப்பாக்கியோடு மாணவர்கள். பாரிஸில் மாணவர்கள் தெருவில் இறங்கிய அதே ஆண்டு. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய விருதும் கிடைத்தது.

படம் நடுநடுவே கறுப்பு வெள்ளைக்கு மாறும். அதற்கு நான் பல வருடம் பெரிய தத்துவ விளக்கமெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது தேவாலயக் காட்சியில் தொடங்கிய விஷயம். அவ்வளவு பெரிய இடத்தை வண்ணத்தில் எடுக்க விளக்குகள் அமைப்பதற்குக் காசும் நேரமும் போதவில்லை! அந்த மாற்றம் இயக்குநருக்குப் பிடித்துப்போய், மற்ற இடங்களிலும் சேர்த்துவிட்டார்.

இரண்டு பேர் பைக்கில் அமெரிக்காவைக் கடக்கும் ‘ஈஸி ரைடர்’ (1969)? பாட்டும் சாலையும் அருமை. ஜாக் நிக்கல்சன் வந்ததும்தான் எனக்குப் படமே ஆரம்பித்தது. ஒரே குறை, இந்த மூன்று படத்திலும் பெண்களுக்குக் கலகம் செய்யப் பெரிதாக நேரம் ஒதுக்கவில்லை.