விரலை எடுக்காத மனிதர்

மனநலப் பிரிவில் காந்தத் தூண்டல் அறையில் எனக்கு வேலை. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளால், அதாவது காயிலால், மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுப்போம். அந்தக் காயிலைத் தலையில் எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் அன்றாடக் கவலை. மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மாத்திரைகள் சரிவரப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு க்ளோசபின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காமல், யாரும் பேசாதபோதும் குரல் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

1999-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மேன் குழு இந்தக் காந்தத் தூண்டலை அப்படிக் குரல் கேட்கும் மூன்று பேரிடம் செய்து பார்த்தது. இடது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, பேச்சைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி இருக்கிறது. நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் அங்கே காந்தம் கொடுத்தால் அதன் வேகம் தணியும் என்பது கணக்கு. புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் குழியிலிருந்து பிடரி எலும்பு வரை, காதிலிருந்து காது வரை டேப்பால் அளந்து நாங்கள் இடம் குறிப்போம். ஆனால் மூளையின் மடிப்பு ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் மூளை ஸ்கேன். குரல் கேட்கும்போது நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கும் நேரத்தையும் கேட்காத நேரத்தையும் ஒப்பிட்டால் எந்த இடம் வேலை செய்கிறது என்று தெரியும்.

அப்படி ஸ்கேனுக்கு வந்த ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும், பதினைந்து வருடமாகக் குரல். "அண்ணே, குரல் வந்ததும் அழுத்துங்க, நின்னதும் விடுங்க" என்றேன். பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்போ நான் சொல்றதை நம்புறீங்களா தம்பி?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அதற்குமேல் பேச வரவில்லை.

ஸ்கேன் முடிந்து பார்த்தால், தொடக்கத்திலிருந்து கடைசிவரை பொத்தான் அழுத்தியபடியே இருந்திருக்கிறது. அவருக்குப் புரியவில்லை போல என்று நினைத்துக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "நிக்கவே இல்லையே தம்பி" என்றார். இன்றுவரை அந்தக் கேள்விக்காக வருந்துகிறேன்.

ஒப்பிட அமைதியான நேரமே இல்லாததால் ஸ்கேன் உதவவில்லை. பழையபடி டேப்தான். மூளையில் கையை அசைக்கும் இடத்தில் காந்தம் கொடுத்து, கட்டைவிரல் துடிக்கும் அளவை வைத்துக் காந்தத்தின் வலிமையைக் குறித்தோம். அப்புறம் தினமும் 20 நிமிடம், 1200 துடிப்பு. காயில் டக் டக்கென்று அடிக்கும், காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 62 பேரிடம் ஸ்கேன் வழி, டேப் வழி, போலித் தூண்டல் என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2011-ல் வெளியான அந்த முடிவில் மூன்றுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆகவே பிறகு நடந்ததைக் காந்தத்தின் கணக்கில் மட்டும் என்னால் எழுத முடியாது. தினமும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டதற்கும் பங்கிருக்கலாம்.

மூன்றாவது வாரம் பஸ்ஸில் வந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கண்டக்டர் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். அப்புறம் கையை நீட்டினார்.

"அந்தப் பொத்தானை இப்பக் குடுங்க தம்பி. நடுவுல விரலை எடுப்பேன்."