வளைகுடா வெயிலும் வேலைக்காரர் உடம்பும்: ஒரு கோடையின் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025

லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிறவர்கள் பெட்டி கட்டும் வாரம். மாத்திரைப் பையைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறோம்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சல் என்றால் நம்மூர் டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருவது பிரிகாபலின் கலந்த மாத்திரை. அட்டையில் கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். பிரிகாபலின் என்பது பின்புறம் பொடி எழுத்தில் கிடக்கும். அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிராமடால், கோடீன் உள்ள இருமல் சிரப், டயஸிபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். இவை வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது. பிரஷர், சர்க்கரை மாதிரி சாதாரண மாத்திரைகளை 3 மாதத்துக்கு மேல் எடுத்துவராதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல், மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கொண்டுவாருங்கள்.

அம்மா குருமாவுக்கென்று கட்டிக்கொடுக்கும் கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். சமையலுக்கு என்று சொன்னாலும் எடுபடாது.

ஜூன் 8

பத்து வருடம் இங்கே வேலை பார்த்தவருக்கு வெயில் பழகிவிட்டது என்று ஃபோர்மேன் நினைப்பார், அவரும் நினைப்பார். ஒரு மாத லீவில் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். லீவில் இருந்து வந்த உடம்பு இதையெல்லாம் மறுபடி கற்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கு இது: லீவு முடிந்து வந்த பழைய ஆள் முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 50 சதவீதம், இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை. புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீதம்தான். பிறகு நாளுக்கு 20 கூட்டலாம். சூபர்வைசரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வெயிலில் விழுகிறவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள்.

ஜூன் 15

மதிய இடைவேளை இன்று தொடங்குகிறது. செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், அதிகபட்சம் 50,000. கத்தாரில் காலை 10 மணிக்கே நிறுத்திவிடுகிறார்கள், மாலை 3.30 வரை. அதுதான் நியாயமான நேரம் என்பது எங்கள் எண்ணம். 11 மணி வெயில் லேசானதில்லை.

இடைவேளையில் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு ஃபேன் காற்றில் இருங்கள். காய்ந்த உடம்பில் 45 டிகிரிக் காற்று பட்டால் சூடுதான் ஏறும்.

சாப்பாட்டில்தான் கவனம் அதிகம் தேவை. விடியற்காலை 3 மணிக்கு வடித்த சோற்றைச் சூடாகவே டப்பாவில் அடைத்து, சைட்டில் ஒரு மூலையில் வைத்து, 12.30க்குத் திறக்கிறார்கள். சோற்றில் உயிர்த்திருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு இந்த ஒன்பது மணி நேர வெதுவெதுப்பு போதும். அது கக்கும் நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் சாகாது. சோறு கெட்ட வாசனையும் வராது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, இன்னொரு வகையில் வயிற்றுப்போக்கு. வெயிலில் அதோடு வேலை செய்தால் உடம்பு வற்றிவிடும்.

செய்ய வேண்டியது: முந்தின இரவே வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் சில்லென்றே டப்பாவில் போட்டு, உறைய வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஒரே பையில் வைத்துத் துணியால் சுற்றுங்கள். மதியம் அந்தப் பாட்டிலே குடிதண்ணீர். ஃபிரிட்ஜில் இடமில்லாத ரூமென்றால் மதியத்துக்குக் குபூஸ் (அரபு ரொட்டி) நல்லது.

ஜூலை 3

வேலை நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். தாகம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அதே சமயம் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது. வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி, தலைவலி, குமட்டல், வலிப்பு வரை போகும். மதியம் ஒரு லபான் (மோர்) நல்லது. எனர்ஜி ட்ரிங்க் வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் நடக்கும் தவறு அளவில்தான். சிறிய பாக்கெட் 200 மி.லி.க்கு, பெரியது 1 லிட்டருக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் இரண்டு மடங்கு உப்பு, வயிற்றுப்போக்கு கூடும். பின்புறம் பார்த்துக் கரையுங்கள். பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் குடிநீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவு வேண்டாம்.

ஜூலை 17

உடல்வலிக்கு டைக்குளோஃபெனாக், இபுபுரூஃபென். இதைக் கேம்ப்பில் மிட்டாய்போலக் கைமாற்றுகிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரைகள் அதை இன்னும் சுருக்கும். வெயில் நாளில் வலி என்றால் பாரசிட்டமால் 500 மி.கி. போதும். சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, எட்டு மணி நேரம் போகாவிட்டாலோ அன்றே கிளினிக். இன்ஷூரன்ஸ் கார்டைக் கையோடு வைத்திருங்கள்.

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசினோ சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே டாக்டரிடம் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டும் உடம்பிலிருந்து நீரை வெளியே தள்ளும்.

ஜூலை 29

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை. பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலான வகைகள் 28 நாள். கம்பெனி வண்டியின் டாஷ்போர்டில் வைத்தால் அன்றே வீணாகும். ஃப்ரீசரில் உறைந்ததையும் பயன்படுத்தக்கூடாது. விமானத்தில் கைப்பையில்தான்.

ஆகஸ்ட் 11

கடலோரத்தில் இப்போது காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 50 டிகிரி வறண்ட நாளைவிட 38 டிகிரி ஈரமான நாள் மோசமாகலாம்.

உளறுகிறார், தள்ளாடுகிறார், கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு வியர்த்திருந்தாலும் சரி. 998க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தலைமுதல் கால்வரை தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டியைக் கிழித்தாவது விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. பெரிய தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி உடம்பை அமிழ்த்தலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

செப்டம்பர் 16

மதிய இடைவேளை நேற்றோடு முடிந்தது. வெயில் முடியவில்லை, குடிக்கும் அளவைக் குறைக்காதீர்கள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் சிறுநீரகத்துக்கு இரண்டு சோதனை: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். போய் இறங்கிய அன்றே வேண்டாம். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு எடுங்கள். சிறுநீரகம் பாதிக்குமேல் கெடும்வரை வலியோ வீக்கமோ காட்டாது. ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்து, அடுத்த வருடத்து எண்ணோடு டாக்டரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் 0.9 இருந்தது 1.2 ஆனால், லேப் சீட்டில் இரண்டுமே நார்மல் என்றிருந்தாலும், காரணம் கேட்க வேண்டும்.